இரண்டு வீட்டுக்கும் ஒரே கடிதம்

என் அத்தானை வெறுக்க ஊரில் ஆள் கிடைப்பது கஷ்டம். அந்தக் குறையைப் பல வருடங்களாக நான் ஒருவனே தீர்த்து வைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் அக்காவின் கணவர். நகரசபையில் பத்தொன்பது வருடமாகக் கவுன்சிலர். நான்கு தேர்தல், நான்கிலும் ஜெயம். நாடாளுமன்றத்துக்கு இரண்டு முறை நின்றார், இரண்டிலும் மூன்றாவது இடம். "ஆனா இந்தத் தடவை கௌரவமான மூணாவது" என்று இரண்டாம் முறை வீட்டுக்கு வந்து சொன்னார். அக்கா அவர் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி, குப்பைக் கூடையில் போடுவதா வேண்டாமா என்று ஒரு நொடி பார்த்துவிட்டு, கூடையின் விளிம்பில் மாட்டினாள். அவருடன் வாழ்ந்து அவளுக்கும் அந்த நடுவழிப் பழக்கம் வந்திருந்தது.

தெருவில் அவருக்குப் பெயர் தராசு. யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். சொன்னாலும் சந்தோஷப்பட்டிருப்பார். சாலையை அகலப்படுத்த வேண்டும் என்பவர்களிடம் "நியாயம்" என்பார், மரத்தை வெட்டக்கூடாது என்பவர்களிடமும் "நியாயம்" என்பார், கடைசியில் மரத்தைச் சுற்றிச் சாலை போகும். இன்றைக்கும் அங்கே லாரிகள் திணறுகின்றன. மேடையில் அவர் பேச்சு வழவழா கொழகொழா. கேட்பவர்களுக்குக் கைதட்டுவதற்கு ஓர் இடம் கிடைக்காது. ஒருமுறை அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது, பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார்கள். அதுதான் அவர் வாழ்நாளில் வாங்கிய பெரிய கைதட்டல்.

ஒரு வித்தை மட்டும் அவரிடம் இருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு டிரை கிளீனிங் கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் வார்டு அலுவலகம். கீழிருந்து எந்நேரமும் நீராவி ஏறி வரும். சுவரில் ஒட்டிய போஸ்டர் ஒரு மாதம் தாங்காது. அத்தானின் முகம் எப்போதும் நெற்றியிலிருந்து உரிய ஆரம்பிக்கும். மூலையில் பச்சை நிற இரும்பு அலமாரி, இருபத்துநான்கு இழுப்பறை, தெருவுக்கு ஒன்று. உள்ளே அட்டைகள். ஒருவர் டோக்கன் வாங்கி, பெஞ்சில் காத்திருந்து புகார் சொன்னால் அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே அட்டையின் முன்னால் எழுதுவார். மறுநாள் "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று எதிராளியின் வீட்டுக்குப் போய், பேச்சுக் கொடுத்து, அவர் சொல்வதை அதே போல ஓர் எழுத்து மாற்றாமல் பின்னால் எழுதுவார். அடியில், தான் செய்ததைச் சிவப்பு மையில் எழுதி "முடிந்தது" என்று போடுவார். யார் புகார் சொன்னது என்று எதிராளிக்குக் கடைசி வரை தெரியாது. புகார் என்று ஒன்று வந்ததே தெரியாது.

உதாரணத்துக்கு, பாலத்தெருவில் கீழ் வீட்டில் ஒரு கணக்கு டீச்சர், மேல் வீட்டில் ஒரு தையற்காரர். டீச்சர் வந்து சொன்னது: "விடியறதுக்கு முன்னாடியே தலைக்கு மேல ரயில் ஓடுது. அந்த ஆளுக்கு மூளையும் மெஷின்தான், கீழ இருந்து மிதிச்சாத்தான் ஓடும்." தையற்காரர் சொன்னது: "அந்தம்மா வீட்டுலயும் வகுப்புதான் நடத்துது. பாவம் அந்த மனுஷன், ஒன்பதாம் வாய்ப்பாடு ஒப்பிச்சாத்தான் அவருக்குத் தட்டு வைக்கும்." அத்தான், தெரிந்த ஒரு பட்டறையில் மிச்சமாகக் கிடந்தது என்று சொல்லி, மெஷின் காலுக்கு அடியில் வைக்கத் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றைத் தையற்காரருக்குக் கொடுத்தார். சத்தம் நின்றது. நான்கு வருடமாக இருவரும் படியில் பார்த்தால் சிரித்துக்கொள்கிறார்கள். டீச்சர் தன் துணியைக்கூட அவரிடமே தைக்கக் கொடுக்கிறார். வார்டு முழுவதும் இப்படித்தான், ஒருவரை ஒருவர் என்ன சொன்னார்கள் என்பது அந்த அலமாரிக்குள் இருந்ததால் அமைதியாக இருந்தது.

மூன்றாவது முறையாக நாடாளுமன்றத்துக்கு நிற்கப் போவதாக அத்தான் அறிவித்த அதே வாரத்தில் அக்காவுக்கும் ஒரு கடிதம் வந்தது.

அக்கா நர்ஸ். இருபத்திரண்டு வருட வேலை. வேறு ஊரில் ஒரு பெரிய மருத்துவமனையின் நர்சிங் பள்ளிக்குத் தலைமைப் பொறுப்பு. இதற்கு முன் இரண்டு தடவை இதே பொறுப்பு வந்தது. இரண்டு தடவையும் அத்தானுக்குத் தேர்தல், அக்கா போகவில்லை. வேட்பாளரின் மனைவி பக்கத்தில் நிற்காவிட்டால் ஊர் என்ன சொல்லும்? இது மூன்றாவது முறை. வயது வரம்பு காரணமாக இதுவே கடைசி. பதினான்காம் தேதிக்குள் சேர வேண்டும். வாக்குப்பதிவு பதினாறாம் தேதி.

"ரெண்டு நாள்தானே இடிக்குது. தள்ளிக் கேளு" என்றார் அத்தான்.

"கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க."

"அப்ப பார்ப்போம்."

அக்கா என்னைப் பார்த்தாள். "இவர் 'பார்ப்போம்'னு சொன்னா என்ன அர்த்தம் தெரியுமாடா? 'பார்க்கமாட்டேன், நீயும் பார்க்காதே'ன்னு அர்த்தம்."

அத்தான் சிரித்தார். அது நல்ல நகைச்சுவை என்று நினைத்தார்.

கட்சித் தலைமையிலிருந்து பிரசாரத்தை நடத்த ஒருவரை அனுப்பினார்கள். வாயைத் திறந்தால் "ஹெட் ஆபீஸ்ல என்ன சொல்றாங்கன்னா" என்றுதான் தொடங்குவார். அதனால் அவருக்கு ஹெட் ஆபீஸ் என்றே பெயராகிவிட்டது. முதல் நாளே அலமாரியைத் திறந்து நான்கு அட்டையைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, இது தங்கச் சுரங்கம்ணே. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கடிதம். 'உங்க பிரச்சினையை நான் தீர்த்தேன்'னு. எந்த வேட்பாளருக்கு இது இருக்கு? முதல்ல உங்க வார்டுல அனுப்புவோம். பேப்பர்காரனைக் கூப்பிட்டுக் காட்டுவோம். தொகுதி முழுக்கப் பரவும்."

அக்கா அன்று சாப்பாடு கொடுக்க வந்திருந்தாள். "அந்த அட்டையைத் தொடாதீங்க" என்றாள். "ஜனங்க உங்களை நம்பிச் சொன்னது. நோயாளி சொன்னதை நான் வார்டுல கூவித் திரிவேனா?"

அத்தான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஒரு முடிவு எடுக்கப் போகிறார், அது இரண்டு பேர் சொன்னதையும்விட மோசமாக இருக்கும்.

"ஒரு பக்கம் நீ சொல்றதும் சரி. இன்னொரு பக்கம் இவர் சொல்றதும் சரி. பெயர் போட வேண்டாம். யார் பெயரும் வராது. கடிதம் போகட்டும்."

"புகார் கொடுத்தவங்களுக்கு மட்டும் அனுப்பலாம்ணே" என்றார் ஹெட் ஆபீஸ்.

அங்கேதான் அத்தானுக்கு முதுகு நிமிர்ந்தது. எதிர்க்கட்சிக்காரன் ஊரெல்லாம் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தான். ஒரு தராசு, இரண்டு தட்டும் காலி. கீழே: 'காலையில் ஒரு வீட்டில் ஒரு பேச்சு, மாலையில் எதிர் வீட்டில் வேறு பேச்சு.' பத்தொன்பது வருடத்தில் எந்த வசவும் அவருக்கு உறைத்ததில்லை. இது உறைத்துவிட்டது. ஏனென்றால் இது உண்மை. அவர் வித்தையே அதுதான்.

"ஆளுக்கு ஒரு பேச்சு பேசுறவன் இல்ல நான்" என்றார். "புகார் கொடுத்தவருக்கும் அனுப்பணும், எதிராளிக்கும் அனுப்பணும். ரெண்டு வீட்டுக்கும் ஒரே கடிதம். இவர் சொன்னது, அவர் சொன்னது, நான் செஞ்சது. எல்லாம் அதுல இருக்கணும். ஒரு வார்த்தை மாத்தக் கூடாது."

ஹெட் ஆபீஸ் மேசையைத் தட்டினார். "இதுதான்ணே வெளிப்படைத்தன்மை."

அக்கா டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். மூடியை அடுக்கும் சத்தம் கடைசிப் படி வரை கேட்டது.

டைப் செய்ய என்னைப் போட்டார்கள். நான் ஒரு பழக் குளிர்கிடங்கில் இரவு வேலை பார்க்கிறேன். காலை எட்டு மணிக்கு அங்கிருந்து நேராக வார்டு அலுவலகத்துக்கு வந்து, பதினொன்று வரை தட்டச்சு, பிறகு தூக்கம். ஹெட் ஆபீஸிடம் அத்தான் என்னை அறிமுகம் செய்த விதம்: "நம்ம மச்சினன். காலேஜைப் பாதியில விட்டுட்டான். ஒரு பக்கம் வருத்தம்தான். இன்னொரு பக்கம் பார்த்தா, விரல் நல்லா ஓடும்."

ஹெட் ஆபீஸ் நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். எல்லாம் சிவப்பு மையில் 'முடிந்தது' போட்டவை. முதல் பத்து கடிதம் அடிப்பதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பெயர் இல்லைதான். ஆனால் ரயில் ஓடுது என்று யார் சொல்வார்கள்? பாலத்தெருவில் ஒன்பதாம் வாய்ப்பாட்டைப் பற்றிப் பேச எத்தனை பேருக்குக் காரணம் இருக்கிறது? ஒரே தெருவில் இருபது வருடம் இருந்தவர்களுக்குப் பெயர் எதற்கு? பேச்சே போதும். நான் இதைப் பார்த்தேன். சொல்லவில்லை.

மறந்துபோய் அல்ல. அத்தான் தோற்க வேண்டும் என்று நினைத்தேன். நிற்கும்போதே தோற்றால், பதினான்காம் தேதிக்கு முன்பே தோல்வி தெரிந்துவிட்டால், அக்கா போவாள் என்று கணக்குப் போட்டேன்.

ஒன்பதாம் நாள், எங்கள் தெருவின் இழுப்பறையில் ஓர் அட்டையைத் தேடும்போது, அத்தான் வீட்டு எண்ணோடு ஒன்று கண்ணில் பட்டது. இரண்டாவது நாடாளுமன்றத் தேர்தல் சமயத்துத் தேதி. முன்னால் அவர் கையெழுத்தில் அக்காவின் பேச்சு:

'என் வீட்டுக்காரர் ஊர்ல உள்ளவங்க பேச்சையெல்லாம் கேக்குறார். எனக்கு வேலை வந்து மூணு வாரமாச்சு. போகட்டுமான்னு கேக்குறேன். பார்ப்போம்ங்கிறார். அவர் உக்காந்து கேக்குற இடம் இது ஒண்ணுதான். அதான் டோக்கன் வாங்கிட்டு வந்தேன்.'

அவள் வந்திருக்கிறாள். அந்த பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறாள். அவரும் முகம் மாறாமல் எழுதியிருக்கிறார். அட்டையைத் திருப்பினேன்.

'எதிர்த் தரப்பு: மனைவி பொறுமைசாலி. அவசரம் இல்லை. தேர்தல் முடிந்தால் மறந்துவிடுவாள்.'

அடியில் சிவப்பில்: 'முடிந்தது.'

ஹெட் ஆபீஸ் கொடுத்த நானூற்றுப் பன்னிரண்டில் அது இல்லை. நானூற்றுப் பதின்மூன்றாக நான் சேர்த்தேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே கடிதம் என்பது விதி. இங்கே இரண்டும் ஒரே வீடு, எனவே ஒரே விலாசத்துக்கு இரண்டு உறை. அத்தான் ரப்பர் ஸ்டாம்பைத் தொடமாட்டார். எல்லாக் கடிதத்திலும் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டார், எதையும் படிக்காமல். அதிலும் போட்டார்.

கடிதங்கள் வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தன. வெள்ளிக்கிழமை காலை நான் வரும்போது படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. டிரை கிளீனிங் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மெஷினா? சொல்லுங்க டீச்சர், நான் மெஷினா?" தையற்காரர் கடிதத்தை ஆட்டினார். "நாலு வருஷமா என்கிட்டயே துணி தைக்கக் குடுத்தீங்களே!"

"அதை நீங்க இறுக்கமா தச்சப்பவே எனக்குச் சந்தேகம். என் வீட்டு வாய்ப்பாடு உமக்கு எதுக்கய்யா?"

"ஒன்பதாம் வாய்ப்பாடு ஒப்பிச்சாச்சான்னு என் பிள்ளைங்களே கேக்குதுங்க" என்றார் டீச்சரின் கணவர், பின்னாலிருந்து மெதுவாக. "தெருவே கேக்குது."

"நீங்க வாயை மூடுங்க."

"அதைத்தானே இந்தத் தையற்காரரும் சொல்லியிருக்கார்."

ஒரு லாரி டிரைவர் தன் எதிர்வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்திருந்தார். 'குளிக்காத ஜென்மம்' என்று கடிதத்தில் இருந்ததாம். இரண்டு அண்ணன் தம்பிகள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் அடுத்தடுத்த படியில் உட்கார்ந்து, அத்தானுக்காகக் காத்திருந்தார்கள். நானூறு சண்டை. எல்லாம் முடிந்துபோன சண்டை. எல்லாவற்றையும் அவரே கையெழுத்துப் போட்டு எழுப்பிவிட்டிருந்தார்.

அத்தான் வந்தார். படியின் நடுவில் நின்று இரண்டு கையையும் உயர்த்தினார்.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க. ரெண்டு பேர் பேச்சையும் கேக்குறேன்."

டீச்சர் சொன்னார்: "கேட்டது போதும்யா. நீர் கேட்டதனாலதான் இவ்வளவும்."

அந்த ஒரு விஷயத்தில் டீச்சரும் தையற்காரரும் ஒத்துப்போனார்கள். இருவரும் கடிதத்தைக் கிழித்து அவர் காலடியில் போட்டார்கள். பேப்பர்காரனை ஹெட் ஆபீஸே வரச் சொல்லியிருந்தார். அவன் நல்ல படமாக எடுத்துக்கொண்டு போனான். மதியத்துக்குள் ஹெட் ஆபீஸ், ஹெட் ஆபீஸில் அவசரக் கூட்டம் என்று கிளம்பிவிட்டார். பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அக்கா பணி முடிந்து வந்து, வெள்ளைக் காலணியைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் இரண்டு உறை. ஒன்று பிரித்தது. மற்றது அத்தானின் பெயரில், பிரிக்காதது. அத்தான் உள்ளே வந்ததும் அதை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்த பிறகும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இது… அன்னைக்கு அவசரத்துல…"

"அவசரம் இல்லைன்னுதானே எழுதியிருக்கீங்க."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அக்கா குரலை உயர்த்தவில்லை. கோபத்திலும் அவள் ஊசி போடுபவள் மாதிரிதான், வலிக்கும் இடத்தைப் பார்த்து, நிதானமாக.

"நான் சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம எழுதியிருக்கீங்க. அதுல குறையே இல்லை. ஆனா எதிராளி சொல்றதைக் கேக்க அவங்க வீட்டுக்கே நடந்து போவீங்களாமே. இந்த வீட்டுல எதிராளி நீங்கதான். உங்களை நீங்க கேட்டுக்கிட்டீங்க, முடிஞ்சதுன்னு போட்டுட்டீங்க. முடிஞ்சுதான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"பதினாறு வரைக்கும் இரு. இப்ப நீயும் போனா நான் அவ்வளவுதான்."

"பதினாலு கடைசி."

"சரி, ஒரு நடுவழி சொல்றேன்." அவருக்கு உண்மையிலேயே கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "பதினாலு போய்ச் சேர்ந்துடு. பதினாறு லீவு போட்டு வா. பக்கத்துல நின்னு ஓட்டுப் போட்டுட்டுப் போ. ரெண்டு பேருக்கும் நஷ்டம் இல்ல."

அக்கா சிரித்தாள். சத்தமாக, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு. பிறகு எழுந்துபோய் பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள்.

பன்னிரண்டாம் தேதி கிளம்பினாள். போகும் வழியில், மருத்துவமனைப் பணியாளருக்கான தபால் வாக்கை உறையில் போட்டு ஒட்டி என்னிடம் கொடுத்தாள். ரயில் நிலையத்துத் தபால் பெட்டியில் நான்தான் போட்டேன். யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அத்தான் நான்காவதாக வந்தார். கௌரவமான நான்காவது என்றுகூடச் சொல்ல முடியாது. நான்கு முறை ஜெயித்த அதே வார்டில் அவருக்கு விழுந்த ஓட்டு, கடிதம் போன வீடுகளில் பாதிகூட இல்லை.

முடிவு வந்த மறுநாள் அலுவலகச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். புகார் நேரம்தான். பெஞ்சு காலி. நீராவி மட்டும் வந்துகொண்டிருந்தது. அவர் மேசையில் உட்கார்ந்து பேனாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார், நீலம், சிவப்பு.

"மாப்ள, அந்தக் கடைசி அட்டை. நீ சேர்த்ததா?"

"ஆமா."

"மத்த கடிதத்தை டைப் பண்றப்பவே இப்படி ஆகும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"ஒரு பக்கம் சொல்லலாம்னுதான் தோணுச்சு அத்தான்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன். அவர் இழுப்பறையிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்தார். என் வீட்டு எண்ணை எழுதினார். முன்னால் நான்கு வரி எழுதினார். தலைகீழாக இருந்ததால் எனக்கு ஒரு வார்த்தைதான் தெரிந்தது: 'துரோகம்'. அட்டையைத் திருப்பிப் போட்டார்.

"சொல்லு. நீ என்ன சொல்ற?"

"அவளுக்குப் பதினாலாம் தேதி கடைசி. அவ்வளவுதான்."

எழுதினார். ஓர் எழுத்து மாற்றவில்லை. சிவப்புப் பேனாவைத் திறந்தார், கொஞ்ச நேரம் வைத்திருந்தார், மூடினார்.

"அவ தபால் ஓட்டுப் போட்டாளா?"

"போட்டா."

"யாருக்கு?"

"அதை அவகிட்டதான் கேக்கணும்."

போனை எடுத்தார். எண்ணைப் பாதி அழுத்தி நிறுத்தி, கவிழ்த்து வைத்தார்.

"இப்ப டியூட்டில இருப்பா" என்றார். "தொந்தரவு பண்ணக் கூடாது."

அன்று அவளுக்கு விடுமுறை. காலையில்தான் என்னிடம் பேசினாள். நான் சொல்லவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டுப் படி இறங்கினேன்.